ஸ்லாட்டின் நீளத்தை நம்பி வாங்கினால் என்ன ஆகும்: ஒரு சிறிய சர்வர் தின்ற மூன்று வார இறுதிகள்

சனிக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கிய வேலை இது. சிறிய அலுவலகம் ஒன்றின் டவர் சர்வர், ஒற்றை பிராசசர், இன்டெல் ஜியான் ஈ3 மூன்றாம் பதிப்பு வகை. சேர்க்க வேண்டியவை இரண்டே: இரட்டை போர்ட் உள்ள 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேகமான என்விஎம்இ டிஸ்க்குகள். மூடியைத் திறந்து பார்த்தபோது நான்கு ஸ்லாட் (கார்டு செருகும் இடம்). ஒன்றில் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துவது), இன்னொன்றில் பழைய நான்கு போர்ட் 1 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, மீதி இரண்டு காலி. 10 கிகாபிட் வந்தபின் பழைய நெட்வொர்க் கார்டு தேவையில்லை, அதையும் கழற்றிவிடலாம். இடம் தாராளம் என்று கார்டுகளை வரவழைத்தாயிற்று. வேலை முடிந்தது மூன்றாவது வார இறுதியில். இடையில் ஒரு ஞாயிறு இரவு சர்வர் பூட்டே ஆகவில்லை, ஒரு திங்கட்கிழமை காலை யாராலும் அதற்குள் நுழைய முடியவில்லை, பிரித்த கார்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் அதன் விலை முழுதாக வீண். வெட்கமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏனென்றால் இத்தனையும் அந்தச் சர்வரின் கையேட்டில் ஒரே ஒரு படத்தில் இருந்தது. அதை முதலில் பார்க்கவில்லை.

முதல் தவறு, ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து அதன் திறனை முடிவுகட்டியது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் நீளத்தில் நான்கு வகை: எக்ஸ்1 சுமார் 25 மில்லிமீட்டர், எக்ஸ்4 39, எக்ஸ்8 56, எக்ஸ்16 89. எக்ஸுக்குப் பின்னால் வரும் எண் லேன்களின், அதாவது தரவு ஓடும் தனித்தனிப் பாதைகளின், எண்ணிக்கை. ஆனால் அந்த நீளம் கார்டு உட்காரும் இருக்கைக்கு மட்டும்தான் பொருந்தும். இருக்கைக்குப் பின்னால் எத்தனை லேன்களுக்குச் செப்புத்தடம் இழுத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. இந்தச் சர்வரில் இரண்டாம் ஸ்லாட் எக்ஸ்16 நீளம், உள்ளே ஓடுவது 8 லேன். மூன்றாம் ஸ்லாட் எக்ஸ்8 நீளம், ஓடுவது 4 லேன். முதல் ஸ்லாட் மட்டும் நீளமும் லேனும் ஒன்று, எட்டுக்கு எட்டு. நான்காவது எக்ஸ்1. தயாரிப்பாளர்கள் இதை ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை. சந்தையில் பெரும்பாலான சர்வர் கார்டுகள் எக்ஸ்8 அளவில் வருகின்றன. லேன் குறைவாக இருந்தாலும் கார்டு உட்காரவாவது செய்யட்டும் என்று இருக்கையை நீளமாக வைக்கிறார்கள். சில போர்டுகளில் சிறிய ஸ்லாட்டின் பின்முனை திறந்தே இருக்கும், நீளமான கார்டைச் செருகினால் மிச்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கக் கோணலாக இருந்தாலும் அதுவும் முறையான ஏற்பாடுதான்.

லேன் எத்தனை என்று கண்ணால் கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. டார்ச் அடித்து ஸ்லாட்டின் உள்ளே பாருங்கள். லேன் இல்லாத பகுதியில் பல போர்டுகளில் பொன்நிறத் தொடுமுனைகளே இருக்காது, வெறும் பிளாஸ்டிக் பள்ளம்தான். ஆனால் சில போர்டுகளில் முனைகள் முழுதாக இருந்தும் தடம் பாதிக்கு மட்டும் இழுத்திருப்பார்கள், அங்கே கண்ணை நம்ப முடியாது. போர்டில் ஸ்லாட்டின் ஓரம் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருப்பது இன்னும் உறுதியானது. எக்ஸ்8 என்று எழுதி அடைப்புக்குறிக்குள் எக்ஸ்16 என்று போட்டிருந்தாலோ, எக்ஸ்16 நீளத்தில் எக்ஸ்8 என்று விளக்கியிருந்தாலோ, சின்ன எண்தான் உண்மையான லேன். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளைக்கு ஸ்லாட் வகையைக் கொடுத்துக் கேட்டால் மூடியைத் திறக்காமலே ஒரு பட்டியல் கிடைக்கும். அது பயாஸ் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) சொல்வதை அப்படியே ஒப்பிக்கும் பட்டியல், பயாஸில் பிழை இருந்தால் அதுவும் பிழையாகவே வரும். கையேட்டோடு ஒத்துப் பார்த்தால்தான் நிம்மதி.

இதே இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. மிகப் பழைய சர்வர்களில் பி.சி.ஐ.-எக்ஸ் என்றொரு ஸ்லாட் இருக்கும். பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போலவே ஒலிக்கும், ஆனால் அது 64 பிட் இணை வழி, இரண்டுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. இரண்டாம் கை கார்டு விற்பவர்களே இரண்டையும் குழப்பி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் தொடுமுனை நீளமாகப் பல துண்டுகளாக இருந்தால் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது தலைமுறை. முதல் தலைமுறை வந்தது 2003இல், இரண்டாவது 2007, மூன்றாவது 2010, நான்காவது 2017, ஐந்தாவது 2019. ஒரு லேன் ஒரு திசையில் தரும் வேகம் முதல் தலைமுறையில் விநாடிக்கு 250 மெகாபைட், இரண்டாவதில் 500, மூன்றாவதில் சுமார் 985, நான்காவதில் சுமார் 1,970, ஐந்தாவதில் அதன் இருமடங்கு. மூன்றாவதில் லேனின் மூல வேகம் விநாடிக்கு 5 கிகாபிட்டிலிருந்து 8 ஆகத்தானே ஏறியது, தரவு மட்டும் எப்படி இரட்டிப்பானது என்று கேட்கலாம். முதல் இரண்டு தலைமுறைகளில் 8 பிட் அனுப்ப 10 பிட் செலவாகும், ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். மூன்றாவதிலிருந்து 128 பிட்டுக்கு 130 பிட்தான், சேதாரம் இரண்டு சதவீதம்கூட இல்லை.

தலைமுறை வேறுபட்டாலும் கார்டு வேலை செய்யும், அது உண்மைதான். ஆனால் கார்டும் ஸ்லாட்டும் இரண்டு விஷயங்களில் தனித்தனியாகச் சமரசம் செய்துகொள்கின்றன: லேனில் இருவரில் சிறியது, தலைமுறையில் இருவரில் பழையது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் அடி விழும். உதாரணத்துக்கு, இரட்டை 10 கிகாபிட் கார்டுகளில் இன்டெல் எக்ஸ்520 இரண்டாம் தலைமுறை எக்ஸ்8, எக்ஸ்550 மூன்றாம் தலைமுறை எக்ஸ்4. காகிதத்தில் இரண்டின் கொள்ளளவும் விநாடிக்கு ஏறத்தாழ 4 கிகாபைட். ஆனால் பழைய இரண்டாம் தலைமுறை எக்ஸ்16 ஸ்லாட்டில் போட்டால் எக்ஸ்520 தன் 4 கிகாபைட்டைப் பெறும், அதைவிடப் புதிய எக்ஸ்550க்குக் கிடைப்பது 2 கிகாபைட்தான். கார்டுக்கே நான்கு லேன் என்றால் ஸ்லாட் எத்தனை அகலமாக இருந்து என்ன பயன். பழைய சர்வருக்குப் பழைய, அகலமான கார்டே பல நேரம் பொருத்தம். புதியது வாங்கினால் நல்லது என்ற பொது நியாயம் இங்கே செல்லாது.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, இங்கும் கேட்கப்படவில்லை: அந்த ஸ்லாட் எங்கே போய்ச் சேருகிறது? சில ஸ்லாட்டுகள் நேராகப் பிராசசரில் முடியும். சில சிப்செட்டில் (போர்டில் உள்ள துணைச் சிப்) முடியும், அங்கிருந்து டிஎம்ஐ என்ற ஒரே பாதை வழியாகப் பிராசசருக்கு ஏறும். இந்த வகைச் சர்வரில் பிராசசரிலிருந்து வருவது மொத்தமே 16 லேன், மூன்றாம் தலைமுறை. அதை முதல் ஸ்லாட்டுக்கு 8, இரண்டாவதுக்கு 8 என்று பிரித்தாயிற்று, கதை முடிந்தது. மூன்றும் நான்கும் சிப்செட்டிலிருந்து, அதுவும் இரண்டாம் தலைமுறை. சிப்செட்டின் டிஎம்ஐ பாதை ஒரு திசையில் சுமார் 2 கிகாபைட். அந்த ஒரே பாதையில் போர்டிலேயே இருக்கும் சாட்டா (பழைய வகை இணைப்பு) டிஸ்க்குகள், 1 கிகாபிட் போர்ட்டுகள், யுஎஸ்பி எல்லாம் ஏறி இறங்க வேண்டும். ஆக, மூன்றாம் ஸ்லாட்டின் நான்கு லேன்களும் தனிச்சொத்து இல்லை, கூட்டுக் குடித்தனம். கையேட்டில் பிளாக் டயகிராம் என்ற பெயரில் இருக்கும் படத்தில் இது கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும். கையேட்டில் இல்லையென்றால் மதர்போர்டின் தொழில்நுட்ப ஆவணத்தில் இருக்கும். கார்டு வாங்கும் முன் ஐந்து நிமிடம் அந்தப் படத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி தேவையே இல்லை.

இரட்டை பிராசசர் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே இன்னொரு பொறி உண்டு. இரண்டு சாக்கெட்டில் ஒன்றில்தான் பிராசசர் இருக்கிறது என்றால், இரண்டாவது சாக்கெட்டைச் சேர்ந்த ஸ்லாட்டுகள் செத்த ஸ்லாட்டுகள். மின்சாரம் வரும், கார்டில் விளக்குகூட எரியும், ஆனால் ஓ.எஸ். அதைப் பார்க்காது. கார்டு பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் கணிசமானோர் இந்த வலையில் விழுந்தவர்களே. ரேக் சர்வர்களில் ஸ்லாட்டுகள் போர்டிலேயே இருக்காது, ரைசர் என்ற குறுக்குப் பலகையில் இருக்கும். அந்த ரைசர் எந்தப் பிராசசரோடு இணைந்தது, எந்த வகை ரைசர் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்லாட்டின் லேன் எண்ணிக்கையே மாறும். ரைசர் இல்லாமலே விற்கப்பட்ட சர்வரில் அதைத் தனியாக, அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, சில சர்வர்களில் ரெய்டு கார்டுக்கென்றே ஒதுக்கிய ஸ்லாட் இருக்கும். வடிவம் சாதாரண ஸ்லாட் போலவே இருந்தாலும் வேறு கார்டைப் போட்டால் ஏற்காது.

முதல் வார இறுதிக்கு வருவோம். 10 கிகாபிட் கார்டை மூன்றாம் ஸ்லாட்டில் போட முடிவு. ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது, சர்வர் அணைந்த பின்னும் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும், மேலாண்மை சிப் அதில்தான் உயிரோடு இருக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கி, இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் பிடுங்கி, போர்டில் சின்ன விளக்கு அணையும்வரை காத்திருந்து, மணிக்கட்டில் ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு கார்டைச் செருகியாயிற்று. கார்டோடு வந்தது குட்டை பிராக்கெட் (கார்டைக் கேஸோடு சேர்த்துத் திருகும் உலோகத் தகடு), 79.2 மில்லிமீட்டர். டவர் கேஸுக்கு வேண்டியது முழு உயரம், 120 மில்லிமீட்டர். இரண்டாம் கை கார்டுகளில் இந்தச் சிக்கல் சர்வசாதாரணம். பெட்டியில் இரண்டு பிராக்கெட்டும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேறொரு கார்டின் முழு உயர பிராக்கெட்டை மாட்டி ஒப்பேற்றியதில் அடுத்த தொல்லை ஆரம்பித்தது.

சர்வர் எழுந்தது, கார்டு தெரிந்தது, போர்ட்டில் 10 கிகாபிட் என்றே காட்டியது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 3.3 கிகாபிட்டுக்கு மேல் நகரவில்லை. கேபிள் மாற்றி, சுவிட்ச் போர்ட் மாற்றி, எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றி, டிரைவர் மாற்றி, ஒரு முழு நாள் போனது. கடைசியில்தான் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, இரட்டை வி கொடுத்து ஓட்டிப் பார்த்தது (ரூட்டாக ஓட்டாவிட்டால் இந்த விவரங்கள் வராது). அதில் லிங்க் கேப்பபிலிட்டி என்ற வரியில் கார்டின் தகுதி இருக்கும், லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் இப்போது கிடைத்திருப்பது இருக்கும். தகுதி எக்ஸ்8, கிடைத்தது எக்ஸ்1, பக்கத்திலேயே டவுன்கிரேடட் என்று எழுதியே காட்டுகிறது. இரண்டாம் தலைமுறை ஒரு லேன் என்றால் குறியீட்டுச் சேதாரம் போக 4 கிகாபிட், பாக்கெட் தலைப்புகளின் செலவு போக மூன்றேகால், மூன்றரை. 3.3 என்ற எண்ணே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. விண்டோஸில் இதே விவரத்தைப் பவர்ஷெல்லில் கெட்-நெட்அடாப்டர்ஹார்ட்வேர்இன்ஃபோ என்ற கட்டளை நெட்வொர்க் கார்டுகளுக்குக் காட்டும். புதிய கார்டு எதைப் போட்டாலும், மூடியைப் பூட்டும் முன் பார்க்க வேண்டிய முதல் வரி இதுதான்.

காரணம் அந்த ஒப்பேற்றிய பிராக்கெட். திருகை இறுக்கியதும் பிராக்கெட் கார்டின் முன்முனையை அழுத்தி, பின்முனையை ஒரு மயிரிழை தூக்கிவிட்டது. முதல் லேன் முன்பக்கத்தில் இருக்கிறது, அது மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இதில் ரொம்பப் பொறுமைசாலி, கிடைக்கிற லேனை வைத்துக்கொண்டு பிழை எதுவும் சொல்லாமல் வேலையைத் தொடங்கிவிடும். அந்தப் பொறுமைதான் நமக்கு வினை. திருகைத் தளர்த்தி, கார்டை முழுதாக அழுத்தி உட்காரவைத்து, பிறகு லேசாக இறுக்கியதும் எக்ஸ்4 வந்தது. தொடுமுனையில் அழுக்கு இருந்தாலும் இதே அறிகுறிதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்தால் போதும். அழிப்பான் போட்டுத் தேய்க்கிற பழக்கம் பலரிடம் உண்டு, பொன்பூச்சு தேயும் என்பதால் அதை நான் சொல்லமாட்டேன்.

எக்ஸ்4 வந்ததும் ஒரு போர்ட்டில் 9.4 கிகாபிட் கிடைத்தது, அதுதான் அந்த வகைக்கு நடைமுறை உச்சம். இரண்டு போர்ட்டையும் ஒன்றாக ஓட்டினால் கூட்டுத்தொகை 13இல் முட்டி நின்றது. கணக்கு சரிதான்: நான்கு லேன், சேதாரம் போக 16, தலைப்புச் செலவு போக பதின்மூன்று சொச்சம். ஒற்றை போர்ட் போதும் என்றால் இதோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது போர்ட் பேக்கப் சர்வருக்கு நேரடியாகப் போக வேண்டியது, இரவில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

இரண்டாம் வார இறுதி, என்விஎம்இ. வாங்கியிருந்தது எக்ஸ்16 கார்டு, அதன் முதுகில் நான்கு எம்.2 (சிறு பலகை வடிவ) டிஸ்க் மாட்டலாம். சிப் எதுவும் இல்லாத வெறும் பலகை என்பதால் மலிவு. இரண்டாம் ஸ்லாட்டில் இருந்த பழைய நெட்வொர்க் கார்டைக் கழற்றி இதை மாட்டினால் நான்கு டிஸ்க்கில் ஒன்றுதான் தெரிந்தது. காரணம் பைஃபர்கேஷன். ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு கருவி என்பதுதான் இயல்பு ஏற்பாடு. நான்கு டிஸ்க் தெரிய வேண்டுமானால் பயாஸ் அந்த ஸ்லாட்டின் 16 லேன்களை நான்கு நான்காகப் பிளந்து தர வேண்டும். இந்த பயாஸில் அந்த அமைப்பே இல்லை. இருந்திருந்தாலும் ஸ்லாட்டில் ஓடுவது எட்டு லேன், இரண்டு டிஸ்க்குதான் தெரிந்திருக்கும். மூன்றாவதும் நான்காவதும் மாட்டிய இடத்துக்கு லேனே போகவில்லை. பயாஸை மாற்ற முடியாதவர்களுக்கு வழி, சுவிட்ச் சிப் பதித்த கார்டு. அது தானே லேன்களைப் பங்கிட்டுக்கொள்ளும், பயாஸின் தயவு வேண்டாம். விலை பல மடங்கு, சூடும் அதிகம். வாங்கும்போது விளக்கத்தில் பைஃபர்கேஷன் தேவை என்று இருந்தால் வெறும் பலகை, தேவையில்லை என்று இருந்தால் சிப் உள்ளது. எதுவுமே சொல்லவில்லையென்றால் படத்தைப் பாருங்கள், நடுவில் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்று.

மின்சாரக் கணக்கும் இங்கே சேர்த்துப் போட வேண்டியது. 75 வாட் என்ற எண் பலர் மனதில் இருக்கிறது, அது கிராஃபிக்ஸ் கார்டுக்கான எக்ஸ்16 ஸ்லாட்டின் எல்லை. எக்ஸ்4, எக்ஸ்8 ஸ்லாட்டுக்கு எல்லை 25 வாட். தரவை எழுதும்போது ஒரு எம்.2 டிஸ்க் 8 வாட்வரை இழுக்கக்கூடும், நான்கு சேர்ந்தால் 32, சிப்புக்குத் தனி. நான்கு டிஸ்க் கார்டு வாங்கியே தீர வேண்டுமென்றால் தனி மின்இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கும்போது பிராசசருக்கான 8 பின் கம்பியையும் கார்டுக்கான 8 பின் கம்பியையும் மாற்றிவிடாதீர்கள், இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர்ப் பக்கம்.

எம்.2 என்றால் எல்லாமே என்விஎம்இ என்று நினைப்பதும் தவறு. எம்.2 வடிவிலேயே சாட்டா டிஸ்க்கும் உண்டு, அதை இந்தக் கார்டுகளில் மாட்டினால் தெரியவே தெரியாது. மேலும், இந்தச் சர்வரின் காலத்தைச் சேர்ந்தவற்றின் பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கக்கூடும். ஓ.எஸ். ஏறிய பிறகு டிஸ்க் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. பூட் டிஸ்க்கைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, தரவை மட்டும் என்விஎம்இக்கு நகர்த்துவதே தலைவலி இல்லாத வழி.

இந்தக் கட்டத்தில்தான் தாளை எடுத்து ஒவ்வொரு கார்டுக்கும் உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று எழுதிப் பார்த்தது. விடை சிரிப்பை வரவழைத்தது. ரெய்டு கார்டில் நான்கு சுழலும் டிஸ்க். ஒன்றுக்கு விநாடிக்கு 200 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 800. அந்தக் கார்டு உட்கார்ந்திருந்ததோ முதல் ஸ்லாட்டில், சுமார் 7.9 கிகாபைட் பாயும் இடத்தில். சர்வர் வந்த நாளில் யாரோ அங்கே மாட்டினார்கள், அதன்பின் யாரும் அசைக்கவில்லை. அதே கார்டு மூன்றாம் ஸ்லாட்டின் 2 கிகாபைட்டில் சௌகரியமாக வாழும். ஆகவே ரெய்டு கார்டு மூன்றுக்கு, 10 கிகாபிட் கார்டு ஒன்றுக்கு, சுவிட்ச் சிப்போடு இரண்டு டிஸ்க் மட்டும் கொள்ளும் புதிய என்விஎம்இ கார்டு இரண்டுக்கு. சுழலும் டிஸ்க்குக்கு லேன் தேடி அலைவது வீண் வேலை. அதே கார்டில் எட்டு எஸ்எஸ்டி மாட்டியிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்.

ரெய்டு கார்டை ஸ்லாட் மாற்றுவதால் அரே (அது சேர்த்துவைத்த டிஸ்க் தொகுப்பு) கலையாது, அதன் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எந்த டிஸ்க் கேபிள் எந்த போர்ட்டில் இருந்தது என்று போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வார இறுதி, ஞாயிறு இரவு. எல்லாக் கார்டும் புதிய இடத்தில், பவர் பட்டனை அழுத்தினால் ஆப்ஷன் ராமுக்கு இடம் போதவில்லை என்று ஒரு வரி, அதன்பின் ரெய்டு கார்டின் வழக்கமான திரையே வரவில்லை, பூட் டிஸ்க் இல்லை என்று நின்றுவிட்டது. வயிற்றைக் கலக்கியது என்பதே சரியான சொல். அரே போய்விட்டது என்றே அரை மணி நேரம் நம்பிக்கொண்டு நின்றது. விஷயம் இதுதான்: பழைய லெகசி பூட் முறையில் ஒவ்வொரு கார்டும் ஆப்ஷன் ராம் என்ற தன் சிறு துவக்க நிரலைப் பயாஸிடம் கொடுக்கும். அதை வைக்க ஒதுக்கிய இடம் மொத்தமே 128 கிலோபைட். நெட்வொர்க் கார்டுகள் பிஎக்ஸ்இ பூட்டுக்கென்று (நெட்வொர்க் வழியாக சர்வரை எழுப்பும் முறை) தலா ஒரு நிரலை முன்னால் போட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டன, ரெய்டு கார்டின் முறை வரும்போது இடமில்லை. ஸ்லாட் மாறியதால் வரிசை மாறியது, அதுதான் இத்தனை நாள் இல்லாத சிக்கல் அன்று முளைத்ததற்குக் காரணம். பயாஸுக்குள் போய், நெட்வொர்க் போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் பிஎக்ஸ்இயை அணைத்து, பூட்டுக்குத் தேவையில்லாத ஸ்லாட்டுகளின் ஆப்ஷன் ராமையும் அணைத்ததும் ரெய்டு கார்டு திரும்ப வந்தது. பூட் வரிசையில் அதை மறுபடி முதலாவதாக வைக்க வேண்டியிருந்தது. சர்வரை நெட்வொர்க் வழியாக பூட் செய்யாதவர்கள் கார்டு சேர்க்கும் முன்பே இதை அணைத்துவிடலாம்.

சர்வர் எழுந்தது, டிஸ்க் எல்லாம் தெரிந்தது, வீட்டுக்குப் போயாயிற்று. திங்கள் காலை யாருக்கும் இணைப்பில்லை. லினக்ஸ் நெட்வொர்க் போர்ட்டின் பெயரைப் பஸ் எண்ணை (கருவி எந்த வழியில் இருக்கிறது என்பதற்கான எண்) வைத்துக் கட்டுகிறது. சுவிட்ச் சிப் உள்ள கார்டு உள்ளே வந்ததும் அது தனக்கென்று பல பஸ் எண்களை எடுத்துக்கொண்டது, பின்னால் இருந்தவற்றின் எண் தள்ளிப்போனது. போர்ட்டின் பெயர் மாறிவிட்டது, ஐபி முகவரி எழுதியிருந்த அமைப்புக் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஞாயிறு இரவு சோதித்தது கன்சோலில் மட்டும், நெட்வொர்க் வழியாக அல்ல. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் மேக் முகவரியை (போர்ட்டுக்கே உரிய தனி எண்) குறித்து நாமே ஒரு பெயர் வைத்துவிட்டால் ஸ்லாட் எத்தனை முறை மாறினாலும் பெயர் மாறாது. விண்டோஸிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு: ஸ்லாட் மாற்றிய கார்டு புதிய கார்டாகப் பதிவாகும், பழைய ஐபியை மறைந்திருக்கும் பழைய பதிவு பிடித்துக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி அதை நீக்க வேண்டும். தொலைவிலிருந்து பராமரிக்கும் சர்வர் என்றால், மேலாண்மை போர்ட்டின் கன்சோல் திறக்கிறதா என்று வேலைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அது மட்டும் இருந்திருந்தால் ஒரு மணி நேர நிறுத்தம் ஐந்து நிமிடமாகியிருக்கும்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும், இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தது. சர்வர் கார்டுகளில் விசிறி இருக்காது, வெறும் ஹீட்சிங்க்தான். ரேக் சர்வரின் விசிறிகள் தள்ளும் காற்றை நம்பி வடிவமைத்தவை, நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வேண்டும் என்று பல ரெய்டு கார்டுகளின் ஆவணத்திலேயே போட்டிருக்கும். டவர் கேஸின் அடிப்பகுதியில் மூன்றாம் ஸ்லாட்டுக்கு அந்தக் காற்று போகாது. அரே சிலமுறை காரணமில்லாமல் தயங்கியதன் பின்னணி அதுதான். ஸ்லாட்டுகளுக்கு எதிரே ஒரு 80 மில்லிமீட்டர் விசிறியை வைத்ததும் அடங்கியது. 10 கிகாபிட் கார்டிலும் செப்புக் கேபிள் போர்ட் உள்ளவை எஸ்எஃப்பி பிளஸ் (தனி மாட்யூல் செருகும் போர்ட்) வகையைவிட அதிகம் சுடும். இதற்கு எதிர்மாறான தொல்லையும் சில சர்வர்களில் வரும்: தயாரிப்பாளரின் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால், அதன் வெப்பம் தெரியாததால் எல்லா விசிறியையும் உச்சத்தில் சுழற்றும். அலுவலக அறையிலேயே சர்வர் இருந்தால் பேசவே முடியாது.

எஸ்எஃப்பி பிளஸ் எடுத்தவர்கள் மாட்யூல் பொருத்தத்தையும் பாருங்கள், சில கார்டுகளின் டிரைவர் வேறு தயாரிப்பு மாட்யூலைக் கண்டால் போர்ட்டையே எழுப்பாது. செப்பில் போகிறவர்களுக்கு, கேட்6 கேபிளில் 10 கிகாபிட் 55 மீட்டர்வரைதான், 100 மீட்டர் வேண்டுமென்றால் கேட்6ஏ.

இப்போது மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஸ்லாட் ஒன்று: நீளம் 8, லேன் 8, மூன்றாம் தலைமுறை, பிராசசர், 10 கிகாபிட் கார்டு. இரண்டு: நீளம் 16, லேன் 8, மூன்றாம் தலைமுறை, பிராசசர், என்விஎம்இ. மூன்று: நீளம் 8, லேன் 4, இரண்டாம் தலைமுறை, சிப்செட், ரெய்டு. நான்கு: எக்ஸ்1, காலி. அதில் ஒரு 1 கிகாபிட் போர்ட்டோ, பழைய பிரிண்டருக்கு ஒரு சீரியல் போர்ட்டோ போடலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். நான்கு டிஸ்க் பலகை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பதினாறு லேனும் முழுதாக ஓடுகிற, நான்கு நான்காகப் பிளக்கத் தெரிந்த ஒரு பயாஸ் வரும்வரை அது அங்கேயேதான்.